பரிசைத் திருப்பி அனுப்பிய 22 வயது ஓவியர்: யார் இந்த அம்ரிதா ஷெர்கில்?

2023 செப்டம்பரில் டெல்லியில் ஓர் ஏலம் நடந்தது. ‘கதைசொல்லி’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம் அதில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் விற்ற இந்திய ஓவியங்களிலேயே அதிக விலை, அன்றைய தேதிக்கு அதுதான். 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ 118 கோடி ரூபாயைத் தொட்ட பிறகுதான் அந்தச் சாதனை முறிந்தது.

‘கதைசொல்லி’யை 1937-ல் வரைந்தவர் அம்ரிதா ஷெர்கில். அதற்கு 2 வருடம் முன்பு, சிம்லாவில் ஒரு கலைச் சங்கம் நடத்திய ஆண்டுக் கண்காட்சிக்கு 10 ஓவியங்களை அனுப்பினார். தேர்வுக் குழு 5 ஓவியங்களை நிராகரித்தது. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றுக்குப் பரிசும் கொடுத்தது.

பாதி போனாலும் பரிசு வந்ததே என்று வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அம்ரிதா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது 22.

ஏன் அப்படிச் செய்தார்? அது தன்மானமா, திமிரா? அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆச்சு? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த அம்ரிதா?

1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்பா உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபுக் குடும்பத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், புகைப்படக் கலையில் பித்துக் கொண்டவர். அம்மா மரி அந்துவானெத், ஹங்கேரியைச் சேர்ந்த பாடகி. அம்ரிதாவின் தங்கை இந்திரா.

முதல் உலகப் போர் வெடித்ததால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1921-ல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். அம்ரிதாவின் தாய்மாமா எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர். சுற்றிலும் இருப்பவர்களை நேரில் உட்கார வைத்துப் பார்த்து வரையச் சொல்லிப் பழக்கியவர் அவர். பிறகு அம்ரிதாவின் ஓவியங்களில் வீட்டு வேலையாட்களும் மலைவாசிகளும் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

நம்ம ஊர் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இந்திரா மணந்தது கே.வி.கே. சுந்தரம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை. பிற்காலத்தில் இந்தியாவின் 2-வது தலைமைத் தேர்தல் ஆணையரானவர் அவர்தான். அவர்களுடைய மகன் விவான் சுந்தரமும் பெயர் பெற்ற கலைஞர். பெரியம்மா அம்ரிதாவின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தவர் இவர்.

பாரிஸில் என்ன நடந்தது?

1929-ல், 16 வயதில், ஓவியம் படிக்க பாரிஸ் போனார். மொத்தக் குடும்பமும் கூடவே கிளம்பியது. அங்கே உலகப் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியான எகோல் தே போஸார்ட்டில் லூசியன் சீமோன் என்ற ஓவியரிடம் பயின்றார்.

1932-ல் ‘இளம் பெண்கள்’ என்று ஓர் ஓவியம் வரைந்தார். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் இருவர். ஒருவர் தங்கை இந்திரா, இன்னொருவர் ஒரு பிரெஞ்சுத் தோழி. கிராண்ட் சலோன் என்ற பாரிஸின் பெரிய ஆண்டுக் கண்காட்சியில் 1933-ல் அந்த ஓவியம் தங்கப் பதக்கம் வென்றது. அம்ரிதாவை சலோனின் இணை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு அவ்வளவு இளம் வயதில் வந்தவர்கள் அரிது. ஆசியாவிலிருந்து போனவர்கள் அதைவிட அரிது.

20 வயதில் பாரிஸில் கிடைத்த இந்த அங்கீகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிம்லா விவகாரத்தில் இது மறுபடியும் வரும்.

சரி, ஆண்டுக் கண்காட்சி எப்படி நடக்கும்?

கலைச் சங்கம் நடத்தும் திறந்த கண்காட்சி என்றால், சங்க உறுப்பினராக இல்லாதவர்களும் ஓவியம் அனுப்பலாம். விண்ணப்பம், நுழைவுக் கட்டணம், கடைசித் தேதி எல்லாம் இருக்கும். வந்து குவியும் ஓவியங்களை ஒரு தேர்வுக் குழு பார்க்கும். எது சுவருக்குப் போகும், எது வீட்டுக்குத் திரும்பும் என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். அதைத் தாண்டியவற்றில்தான் பரிசுக்கான போட்டி.

அதாவது இதில் 2 தீர்ப்புகள் இருக்கின்றன. முதல் தீர்ப்பு இடம் உண்டா இல்லையா என்பது. இரண்டாவது, இடம் கிடைத்தவற்றில் எது சிறந்தது என்பது. மறுநாள் பத்திரிகையில் வருவது இரண்டாவது மட்டும்தான். திரும்பிப்போன ஓவியங்களைப் பொதுமக்கள் யாரும் பார்ப்பதில்லை.

அப்படித் திரும்பியவற்றை மக்கள் பார்த்த ஒரு சம்பவம் வரலாற்றில் உண்டு. 1863-ல் பாரிஸ் சலோனின் நடுவர் குழு, வந்த படைப்புகளில் பாதிக்கும் மேல் நிராகரித்தது. ஓவியர்கள் கொந்தளித்தார்கள். கடைசியில் பேரரசர் 3-ம் நெப்போலியன், நிராகரிக்கப்பட்டவற்றுக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி வைக்க உத்தரவிட்டார். பார்க்க வந்தவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அங்கே தொங்கிய எத்வார் மானேயின் ஓவியம் இன்று உலகக் கலை வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை நம்ம சென்னையிலேயே உண்டு. 1873-ல் மதராஸில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வரைந்தவர், அப்போது 25 வயதுகூட நிறைந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த ரவி வர்மா. கிளிமானூர்க்காரரின் பெயர் திருவிதாங்கூர் அரண்மனையைத் தாண்டி வெளியே பரவ அந்தப் பதக்கம் பெரிய காரணம்.

ஆக, இந்தக் கண்காட்சிகளைச் சும்மா சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கேலரிகள் இல்லாத காலத்தில், புதிதாக வரும் ஓவியருக்கு மக்கள் முன்னால் நிற்க இருந்த முக்கியமான வாசல் இதுதான்.

சிம்லாவில் என்ன பிரச்சனை?

1934 கடைசியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். பாரிஸில் கற்ற நுட்பத்தை வைத்துக்கொண்டு இந்திய வாழ்க்கையை, குறிப்பாக ஏழைகளின் வாழ்க்கையை, வரைய வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். மலைவாசி ஆண்களும் பெண்களும் அவர் திரைச்சீலைக்கு வந்தார்கள். அந்த முகங்களில் சிரிப்பு இருக்காது, நகை அலங்காரம் இருக்காது, பார்வையாளரைக் கவரும் முயற்சியே இருக்காது. போர்வைக்குள் ஒடுங்கி நிற்கும் உடல்களும் தளர்ந்த கண்களும்தான் இருக்கும்.

சிம்லாவோ பிரிட்டிஷ் ஆட்சியின் கோடைகாலத் தலைநகரம். சிம்லா நுண்கலைச் சங்கம் 19-ம் நூற்றாண்டிலிருந்தே அதிகாரிகளின் ஆதரவில் இயங்கி வந்த அமைப்பு. பரிசுகளுக்கு வைஸ்ராய் முதல் சமஸ்தான மன்னர்கள் வரை கொடை கொடுப்பார்கள். பனிமலைக் காட்சி, நீர்வண்ணத்தில் பூந்தோட்டம், பதவியில் இருப்பவர்களின் உருவப்படம் போன்றவை அந்த உலகத்தின் ரசனை.

அங்கேதான் 1935-ல் அம்ரிதாவின் 10 ஓவியங்கள் போயின. அதில் 5 திரும்பின. ஏற்கப்பட்ட ஐந்தில் ஒன்றுக்கு ஃபரித்கோட் மகாராஜா பெயரிலான பரிசு கிடைத்தது.

அம்ரிதா சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சங்கத்தின் ரசனைக்குத் தன்னைவிடப் பொருத்தமாக வரையும் வேறு யாருக்காவது அந்தப் பரிசைக் கொடுத்துவிடுங்கள் என்ற தொனியில் மரியாதையாகவே குத்தினார். இனிமேல் தன் ஓவியங்களை பாரிஸ் சலோனில் காட்டித்தான் தன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டும் போல என்று கிண்டலும் செய்தார். கூடவே பரிசையும் திருப்பிவிட்டார்.

இது தன்மானமா, திமிரா?

இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

அம்ரிதாவின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் மேலே பார்த்த 2 தீர்ப்புகளும் ஒரே கையிலிருந்து வந்தவை. பரிசை வாங்கிக்கொண்டால், அந்த நடுவர்களுக்கு ஓவியம் பார்க்கத் தெரியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்புறம் அதே நடுவர்கள் நிராகரித்த 5 ஓவியங்களுக்காக எப்படிப் பேசுவது? பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிராகரிப்பை மட்டும் தப்பு என்று சொல்ல முடியாது. அவர் இரண்டையுமே ஏற்க மறுத்தார்.

மறுபக்கமும் உண்மைதான். பாரிஸ் தங்கப் பதக்கம் கையில் இருந்ததால் சிம்லா பரிசை வேண்டாம் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. சிம்லாவில் சொந்த வீடு, பின்னால் வசதியான குடும்பம். அந்தப் பரிசை நம்பி அடுத்த மாதச் செலவை ஓட்ட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. முதன்முதலாகக் கண்காட்சிக்கு அனுப்பும் ஒரு சாதாரண ஓவியருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் திருப்பியது பரிசைத்தான். கண்காட்சிகளை அவர் கைவிடவில்லை.

பம்பாயில் கிடைத்த தங்கம்

1935-ல் அவர் வரைந்த இன்னொரு ஓவியம் ‘மூன்று பெண்கள்’. சிவப்பு, பச்சை, காவி கலந்த உடைகளில் 3 இளம் பெண்கள் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். பின்னணியில் வீடு, மரம், ஜன்னல் எதுவும் கிடையாது. அவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள், அதை மாற்றும் சக்தி அவர்களிடம் இல்லை என்பது மட்டும் பார்த்தவுடன் புரியும்.

1937-ல் பாம்பே ஆர்ட் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சியில் இந்த ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. 1888-ல் தொடங்கிய சங்கம் அது. அதுவும் வெள்ளைக்காரர்கள் முன்னின்று ஆரம்பித்ததுதான். அதனால் ஆங்கிலேய நடுவர்கள் நிராகரித்தார்கள், இந்தியர்கள் கொண்டாடினார்கள் என்று கதையைச் சுலபமாக முடித்துவிட முடியாது.

ஹைதராபாத் சம்பவம் இதை இன்னும் தெளிவாக்கும். இன்று சாலார் ஜங் மியூசியத்தில் நாம் பார்க்கும் பொருட்களில் பெரும்பகுதியைச் சேர்த்த நவாப் சாலார் ஜங்குக்கு, அம்ரிதாவின் சில ஓவியங்கள் அனுப்பப்பட்டன. அவர் ஒன்றைக்கூட வாங்கவில்லை. எல்லாம் திரும்பி வந்தன. அப்படித் திரும்பியவற்றில் ‘மூன்று பெண்கள்’ ஓவியமும் ஒன்று.

ஒரே ஓவியம்தான். ஓர் இடத்தில் தங்கம் வாங்கியது, இன்னோர் இடத்தில் விலைகூட பேசப்படாமல் பெட்டிக்குள் போனது. ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. பார்த்த கண்தான் மாறியது.

தென்னகம் அவருக்கு என்ன கொடுத்தது?

1936 கடைசியில் தொடங்கி 1937 வரை அம்ரிதா நீண்ட பயணம் போனார். அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கொச்சி, கன்னியாகுமரி என்று நீண்டது அந்தப் பாதை. கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்கள் அவரை அசரடித்தன. அஜந்தா குகைகள் அவருடைய கோட்டையும் வண்ணத்தையுமே மாற்றிப்போட்டன.

சிம்லா திரும்பியதும் 3 பெரிய ஓவியங்களை வரைந்தார். ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்’. இந்த மூன்றையும் சேர்த்துத் ‘தென்னிந்திய மூவோவியம்’ என்று கலை வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். கறுத்த தேகமும் வெள்ளை வேட்டியும் செம்மண் நிறமும் சேர்ந்து அந்த ஓவியங்களில் ஒரு கனமான அமைதி இருக்கும். தொடக்கத்தில் சொன்ன 61.8 கோடி ரூபாய் ‘கதைசொல்லி’யும் இதே 1937-ல் பிறந்ததுதான்.

கவனியுங்கள், அவருடைய மிகச் சிறந்த காலமாக இன்று கருதப்படுவது சிம்லா நிராகரிப்புக்குப் பிறகு வந்த இந்தச் சில வருடங்கள்தான். சங்கத்துக்குப் பிடித்த மாதிரி வரையத் தொடங்கியிருந்தால் இவையெல்லாம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பாராட்டு வந்தது, பணம் வந்ததா?

பெரிதாக வரவில்லை. 1937 நவம்பரில் லாகூரில் ஃபலெட்டி ஹோட்டலில் தனிக் கண்காட்சி வைத்தார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பம்பாயில் கார்ல் கண்டலவாலா என்ற வழக்கறிஞர், கலை விமர்சகராகவும் நண்பராகவும் அவருக்குத் துணை நின்றார். ஆனால் விற்பனை குறைவுதான்.

1938-ல் ஹங்கேரியில் டாக்டர் விக்டர் ஏகானைத் திருமணம் செய்துகொண்டார். விக்டர் அம்மா வழியில் உறவுக்காரர். இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் பக்கம் சராயா என்ற ஊரில் குடும்பத்துக்குச் சொந்தமான சர்க்கரை ஆலை வளாகத்தில் தங்கினார்கள். யானைகள், வேலையாட்கள், மதிய நேரத்துப் பெண்கள் என்று அந்த ஊரின் வாழ்க்கை முழுக்க அவர் ஓவியத்துக்குள் வந்தது. ஆனால் அவற்றைப் பேசவும் வாங்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. தனிமையும் மனச்சோர்வும் அந்தக் காலக் கடிதங்களில் தெரிகின்றன.

1941-ல் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒரு பெரிய தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அது திறக்கச் சில நாட்களே இருந்தபோது அம்ரிதா திடீரென நோயில் விழுந்தார். 1941 டிசம்பர் 5 நள்ளிரவில் இறந்தார். வயது 28. அந்தக் கண்காட்சி அவர் இல்லாமலேயே நடந்தது.

பிறகு என்ன ஆச்சு?

1954-ல் டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடம் தொடங்கியபோது, அதன் ஆரம்பகாலச் சேகரிப்பில் முக்கியப் பகுதி அம்ரிதாவின் ஓவியங்கள்தான். கணவரும் அப்பாவும் அவற்றைக் கொடுத்தார்கள். 1978-ல் ‘மலைப் பெண்கள்’ ஓவியம் தபால்தலையில் வந்தது. அவருடைய படைப்புகளை மத்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்திருக்கிறது. அதனால் இந்தியாவில் இருக்கும் அவர் ஓவியங்களை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. டெல்லியில் ஒரு சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. சங்கங்களின் ரசனைக்குக் காத்திருக்காமல் ஓவியர்களே தங்களுக்கான மேடையை அமைக்கத் தொடங்கினார்கள். சென்னையில் 1944-ல் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1947-ல் பம்பாயில் எஃப்.என். சூசா, ஹுசைன், ராசா போன்றவர்கள் முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார்கள். பணிக்கரின் முயற்சி 1966-ல் கிழக்குக் கடற்கரையில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமமாகவே வளர்ந்தது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

ஆண்டுக் கண்காட்சிகள் இன்றும் நடக்கின்றன. 1954-ல் தொடங்கிய லலித் கலா அகாடமி தேசியக் கண்காட்சி நடத்துகிறது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு கண்காட்சியும் விருதும் வழங்குகிறது. நடைமுறை ஏறக்குறைய அதே மாதிரிதான்: விண்ணப்பம், தேர்வுக் குழு, நடுவர், பரிசு. கட்டைப் பெட்டியில் ஓவியத்தை அனுப்புவதற்குப் பதிலாக இப்போது பல இடங்களில் முதலில் போட்டோவை அனுப்பினால் போதும்.

தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவர், முதன்முதலாக இப்படி ஒரு கண்காட்சிக்கு ஓவியம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் பாரிஸ் பதக்கம் இல்லை. அந்த ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தால் அவர் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். அம்ரிதாவே பம்பாயில் வாங்கிக்கொண்டார். ரவி வர்மாவுக்கு மதராஸ் பதக்கம்தான் கதவைத் திறந்தது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால்தான் அம்ரிதாவின் கதை உதவும். அந்தக் கடிதம் சொல்வது, குறிப்பிட்ட சில பேர், குறிப்பிட்ட ஒரு வருடத்தில், தங்கள் ரசனைக்கு ஏற்ப எடுத்த முடிவை. அந்த ஓவியத்தின் மதிப்பு பற்றிய கடைசி வார்த்தை அது கிடையாது. அதே ஓவியத்தை அடுத்த ஊருக்கு, அடுத்த நடுவர் குழுவுக்கு அனுப்பலாம். ‘மூன்று பெண்கள்’ அப்படித்தான் பம்பாய்க்குப் போனது. இப்போது அது டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. சிம்லா சங்கம் அந்த வருடம் வேறு யாருக்கெல்லாம் பரிசு கொடுத்தது என்பதை இன்று தேடிப் பார்ப்பவர்கள் அதிகம் இல்லை.